வாசகர் கேள்விகள்: அந்தக் கல்லில் யார் பெயர்?

சென்ற மாதம் ஒரு வாசகர், "சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள், நடுவில் பழைய போர் நினைவுத் தூண் ஒன்று நிற்கிறது, அதைத் தள்ளி வைத்தால் என்ன தப்பு?" என்று கேட்டிருந்தார். "தாராளமாகத் தள்ளி வைக்கலாம், தள்ளுவதற்கு முன் அதில் இருக்கும் பெயர்களை ஒருமுறை படித்துவிடுங்கள்" என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். அந்த ஒரு வரிக்குப் பாதிப் பேர் திட்டியும் மீதிப் பேர் கேள்வி கேட்டும் எழுதியிருக்கிறார்கள். திட்டுகளில் ஒன்றையும் கேள்விகளில் சிலவற்றையும் இந்த முறை எடுத்துக்கொண்டேன்.

செத்தவர்களுக்கு எங்கோ ஒரு கல்லறை இருக்கத்தான் போகிறது. அப்புறம் எதற்கு ஊர் நடுவில் தனியாக ஒரு தூண்?

அந்த "எங்கோ"வுக்கு யாரால் போக முடிந்தது என்று பாருங்கள். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் பேரரசின் படைகளில் செத்தவர்களின் உடல்களை வீட்டுக்கு அனுப்புவதில்லை என்று முடிவெடுத்தார்கள். காசுள்ளவன் மகனின் உடலைக் கப்பலில் வரவழைத்துக்கொள்வான், இல்லாதவன் என்ன செய்வான் என்ற நியாயமும் அந்த முடிவில் இருந்தது. விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள், லட்சக்கணக்கானவர்களுக்குப் புதைக்க உடலும் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்தது ஓர் அரசாங்கக் காகிதம். கடல் தாண்டிப் போக வழியில்லாத ஒரு தாய்க்குப் பூ வைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது, ஊருக்கு ஊர் தூண்கள் முளைத்ததற்கு முதல் காரணம் அதுதான்.

லண்டனில் வொய்ட்ஹால் சாலையில் நிற்கும் செனடாஃப் என்ற போர் நினைவுச் சின்னத்தின் கதையே இதற்குச் சாட்சி. 1919 ஜூலை 19 அன்று நடந்த வெற்றி அணிவகுப்புக்காக எட்வின் லட்யன்ஸ் என்ற கட்டடக் கலைஞர் மரத்தையும் பிளாஸ்டரையும் வைத்து ஒரு சினிமா செட் மாதிரி போட்டுக்கொடுத்தது அது. விழா முடிந்ததும் பிரித்துப் போட்டுவிடலாம் என்றுதான் ஏற்பாடு. ஆனால் ஜனங்கள் அதன் காலடியில் பூவைக் கொண்டுவந்து கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அரசாங்கம் எதிர்பார்க்கவும் இல்லை. கடைசியில் அதே வடிவத்தைப் போர்ட்லண்ட் கல்லில் திரும்பக் கட்டி 1920 நவம்பர் 11 அன்று திறந்தார்கள். உள்ளே யாருடைய உடலும் கிடையாது, காலிக் கல்லறை. செத்தவர்களில் எல்லா மதத்தாரும் இருந்ததால் சிலுவையும் கிடையாது. செங்குத்தாகத் தெரிகிற பக்கங்கள்கூட செங்குத்து இல்லை, மேல்நோக்கி நீட்டிக்கொண்டே போனால் சுமார் 1,000 அடி உயரத்தில் ஒன்று சேரும்படி மிக லேசாகச் சாய்த்திருக்கிறார். பஸ்ஸில் போகிறவன் கண்ணுக்கு இது தெரியாது, தெரிய வேண்டும் என்று அவரும் நினைத்திருக்க மாட்டார்.

ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். நினைவுத் தூணை நகர்த்தலாம் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அது என்ன மின்கம்பமா?

ஐயா, கோபம் நியாயம்தான். ஆனால் இடம் மாறிய நினைவுச் சின்னங்கள் நிறையவே இருக்கின்றன. டெல்லி இந்தியா கேட்டின் அடியில் 1972 ஜனவரி 26 முதல் எரிந்துகொண்டிருந்த அமர் ஜவான் ஜோதியை 2022 ஜனவரி 21 அன்று பக்கத்தில் உள்ள தேசியப் போர் நினைவகத்தின் சுடரோடு சேர்த்துவிட்டார்கள். அன்றைக்கும் உங்களைப் போல ராணுவத்தில் இருந்தவர்கள் சிலர் வருத்தப்பட்டார்கள், வேறு சிலர் 1971 பாகிஸ்தான் போரில் உயிர்விட்டவர்களின் பெயர்கள் எங்கே பொறித்திருக்கின்றனவோ அங்கேதான் சுடர் இருக்க வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் அர்த்தம் இருந்தது. இந்தியா கேட்டின் சுவரில் இருக்கும் 13,000க்கும் மேற்பட்ட பெயர்கள் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் முதல் உலகப் போரிலும் மூன்றாம் ஆப்கன் போரிலும் செத்தவர்களுடையவை, 2019 பிப்ரவரி 25 அன்று திறந்த புதிய நினைவகத்தில் இருப்பவை சுதந்திரத்துக்குப் பிறகு செத்தவர்களுடையவை.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. முதல் உலகப் போரில் அங்கே செத்த பிரிட்டிஷ், இந்தியப் படையினருக்காக இராக்கில் எழுப்பிய பாஸ்ரா நினைவுச் சின்னத்தை 1997ல் சதாம் உசேன் உத்தரவு போட்டு, இருந்த இடத்திலிருந்து 32 கிலோமீட்டர் தள்ளிப் பாலைவனத்தில் கொண்டுபோய் வைத்தார். கல்லெல்லாம் பத்திரமாகத்தான் போய்ச் சேர்ந்தது. ஆனால் அங்கே யார் போய் நின்று பெயரைப் படிப்பார்கள்? நகர்த்தலாம் என்று நான் எழுதியது, ஆட்கள் நடந்து வந்து நிற்கிற இன்னொரு இடத்துக்கு என்ற அர்த்தத்தில்தான். எங்காவது ஒரு கிடங்குச் சுவரோரம் சாய்த்து வைப்பார்கள் என்றால் நானும் உங்கள் பக்கம்.

இரண்டு நிமிட மௌனத்தை யார் கண்டுபிடித்தது?

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன். 1918 மே மாதம், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, அந்த நகரத்தின் மேயர் ஹாரி ஹேண்ட்ஸ், தினமும் நண்பகல் பீரங்கி வெடித்ததும் ஊரே அப்படியே நிற்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். முதலில் மூன்று நிமிடம், அது நீளம் என்று பட்டதும் இரண்டாகக் குறைத்தார்கள். போரில் மகனைப் பறிகொடுத்த பெர்சி ஃபிட்ஸ்பேட்ரிக் என்பவர் இந்த யோசனையை லண்டனுக்கு எழுதி அனுப்ப, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் ஒப்புக்கொள்ள, 1919 நவம்பர் 11 காலை 11 மணிக்குப் பேரரசு முழுக்க நின்றது. எட்வர்ட் ஹனி என்ற ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் அதே வருடம் மே மாதமே லண்டன் பத்திரிகை ஒன்றுக்கு இதே யோசனையைக் கடிதமாக எழுதியிருந்தார், அதனால் ஆஸ்திரேலியர்கள் அவரைத்தான் சொல்வார்கள்.

போர் நினைவுச் சின்னம் என்பதே போரைப் புகழ்வதற்குத்தானே? அடுத்த தலைமுறையையும் சாகச் சொல்லித் தூண்டுகிற வேலைதானே?

பல நினைவுச் சின்னங்கள் அதைத்தான் செய்கின்றன, மறுக்க மாட்டேன். வாளை ஓங்கிய வீரன், இறக்கை முளைத்த வெற்றித் தேவதை, காலடியில் சுருண்டு கிடக்கும் எதிரி என்று ஓர் அச்சில் வார்த்த மாதிரி எத்தனையோ இருக்கின்றன.

ஆனால் எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் தள்ளிவிட முடியாது. முதல் உலகப் போருக்குப் பிறகு பிரான்சில் கிராமத்துக்கு ஒன்றாக 30,000க்கும் மேற்பட்ட நினைவுத் தூண்கள் எழுந்தன. அவற்றில் ழான்ட்டியூ என்ற சிறிய ஊரில் இருப்பது போரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லாது. பள்ளிக்கூடச் சீருடையில் ஓர் அநாதைப் பையன் நிற்கிறான். ஒரு கையில் கழற்றிய தொப்பி. இன்னொரு கை முஷ்டியாக மடங்கி, தூணில் எழுதியிருப்பதை நோக்கி நீண்டிருக்கிறது. எழுதியிருப்பது: "போர் நாசமாய்ப் போக." செத்தவர்களின் பெயர் வரிசையும் அங்கேயே இருக்கிறது, அவனுடைய அப்பா அதில் ஒருவர் என்று நாமே புரிந்துகொள்ள வேண்டும். அரசாங்கத்துக்கு இது பிடிக்குமா? அதிகாரபூர்வமான திறப்பு விழா பல பத்தாண்டுகளுக்கு நடக்கவேயில்லை.

பெல்ஜியத்தில் ஃப்ளாட்ஸ்லோ என்ற இடத்தில் ஜெர்மன் வீரர்களின் கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. அங்கே கேத்தே கோல்விட்ஸ் என்ற ஜெர்மன் பெண் கலைஞர் உருவாக்கிய தாய், தந்தை சிலைகள் இருக்கின்றன. அவருடைய இளைய மகன் பீட்டர் 1914 அக்டோபரில் செத்துப்போனான், வயது 18. ராணுவத்தில் சேரத் தகப்பன் சம்மதம் வேண்டும், அவர் தயங்கினார், பேசிச் சம்மதிக்க வைத்ததே அம்மாதான். அந்தச் சிலைகளை முடிக்க அவருக்கு 1932 வரை ஆயிற்று. தாயும் தந்தையும் பக்கம் பக்கமாக மண்டியிட்டிருக்கிறார்கள், நடுவே இடைவெளி, ஒருவரை ஒருவர் தொடவில்லை. தந்தை தன் கைகளைத் தானே இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார், தாய் குனிந்திருக்கிறாள். முகங்கள் கேத்தேயுடையதும் அவர் கணவருடையதும். மகன் சிலையில் இல்லை, எதிரே மண்ணுக்குள் இருக்கிறான். இதைப் பார்த்துவிட்டு ஒருவன் ராணுவத்தில் சேரக் கிளம்புவான் என்றால் அவனை யாராலும் தடுக்க முடியாது.

உலகிலேயே உயரமான போர் நினைவுச் சிலை எது? பொது அறிவுக்காகக் கேட்கிறேன்.

ரஷ்யாவின் வோல்கோகிராட் நகரத்தில், அதாவது பழைய ஸ்டாலின்கிராடில், 1967ல் திறந்த தாய்நாட்டுச் சிலை, வாளோடு சேர்த்து 85 மீட்டர். அன்றைக்கு உலகத்திலேயே உயரமான சிலை அது. போட்டித் தேர்வுக்கு இது போதும்.

பெயர்களை எந்த வரிசையில் எழுதுவது? அகர வரிசையா, பதவி வரிசையா? எங்கள் ஊரில் இதற்கே மூன்று கூட்டம் நடந்து, இன்னும் முடிவாகவில்லை.

மூன்றே கூட்டம்தானா, பரவாயில்லை. அமெரிக்காவில் இதற்காக நாடே இரண்டுபட்டது.

முதலில் பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன். 1917ல் போர்க் கல்லறைகளுக்கென்று பிரிட்டிஷ் பேரரசு ஒரு ஆணையம் அமைத்தது, இன்றைக்கு அதன் பெயர் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம். அடுத்த வருடம் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இயக்குநர் ஃப்ரெட்ரிக் கென்யன் எழுதிக் கொடுத்த அறிக்கைதான் அதற்கு அடிப்படை: தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல், கல்லுக்குக் கல் வித்தியாசம் கூடாது. குடும்பத்தார் விரும்பினால் அடியில் ஒரு வரி சேர்க்கலாம், 66 எழுத்துக்குள். பணக்காரக் குடும்பங்கள் கொதித்தன, பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை சண்டை போனது, கல் மட்டும் மாறவில்லை. ஆஸ்திரேலியாவில் கான்பெராவில் இருக்கும் போர் நினைவகத்தின் சுவரிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் பதவி இல்லாமல்தான் இருக்கின்றன. பெயருக்குப் பக்கத்து இடுக்கில், போரில் செத்தவர்களின் நினைவுக்கு அடையாளமான சிவப்புப் பாப்பி பூவைச் செருகிவிட்டுப் போவார்கள், சுவரில் எங்கே உறவுக்காரர்கள் வந்து போயிருக்கிறார்கள் என்று அந்தச் சிவப்பை வைத்தே சொல்லிவிடலாம்.

இப்போது வாஷிங்டன். வியட்நாம் போரில் செத்தவர்களுக்காக நடந்த வடிவமைப்புப் போட்டியில் வந்தவை 1,421. பெயர் தெரியாமல் எண் மட்டும் போட்டு நடந்த தேர்வு அது, ஜெயித்தது மாயா லின் என்ற 21 வயதுக் கல்லூரி மாணவி. மண்ணுக்குள் இறங்கும் கறுப்புக் கல் சுவர், அதில் பெயர்கள், வேறு ஒன்றுமே கிடையாது. அந்தக் கறுப்புக் கல் நம் பெங்களூர்ப் பக்கத்திலிருந்து போனது, கண்ணாடி போல முகம் தெரிய வேண்டும் என்பதற்காகத் தேடி எடுத்தது. பெயர்கள் அகர வரிசையில் இல்லை, செத்த தேதி வரிசையில். அகர வரிசையில் போட்டால் ஸ்மித் என்று பக்கம் பக்கமாக வரும், டெலிபோன் டைரக்டரி மாதிரி ஆகிவிடும் என்றார்கள். தேதி வரிசையில் ஒரே நாளில் ஒரே சண்டையில் விழுந்த சிநேகிதர்கள் அடுத்தடுத்து இருப்பார்கள், உயிரோடு திரும்பியவன் வந்து பார்த்தால் தன் கூட இருந்தவர்களை ஒரே இடத்தில் கண்டுகொள்வான். இரண்டு சுவர்களும் சந்திக்கும் மூலையில் முதல் பெயர் தொடங்குகிறது, வலது ஓரம் வரை போய், இடது ஓரத்தில் மறுபடி ஆரம்பித்து, கடைசிப் பெயர் அதே மூலைக்கு வந்து சேர்கிறது.

பெயருக்கு முன்னால் ஒரு சின்னக் குறி இருக்கும். வைரக் குறி என்றால் மரணம் உறுதியானது. சிலுவைக் குறி என்றால் ஆள் காணவில்லை. எலும்பு கிடைத்து உறுதியானால் சிலுவையின் மேலேயே வைரத்தைச் செதுக்கிவிடுவார்கள். உயிரோடு திரும்பி வந்தால் சிலுவையைச் சுற்றி வட்டம் போடுவதாக ஏற்பாடு, இதுவரை ஒரு வட்டமும் போடவில்லை.

1982ல் திறப்பதற்கு முன்னால் இதை அவமானச் சின்னம் என்று திட்டாதவர்கள் குறைவு. சமாதானத்துக்காக இரண்டு வருடம் கழித்து மூன்று வீரர்களின் வெண்கலச் சிலை ஒன்றைப் பக்கத்தில் வைத்தார்கள். இன்றைக்குக் கூட்டம் எங்கே நிற்கிறது? சுவர் முன்னால்தான்.

உங்கள் ஊருக்கு என் யோசனை: பதவியை விட்டுவிடுங்கள். பத்துப் பெயர்தான் என்றால் அகர வரிசை போதும், தேடுவது சுலபம்.

வெள்ளைக்காரன் செய்த போருக்கு வெள்ளைக்காரன் எழுப்பிய தூண். அதில் நம் ஆட்களுக்கு எங்கே இடம்?

இதுதான் வந்ததிலேயே கனமான கேள்வி. ஒரே அளவுக் கல், வித்தியாசம் கூடாது என்று மேலே பெருமையாக எழுதினேன் இல்லையா, அந்தக் கொள்கை ஐரோப்பாவில் அப்படியே நடந்தது. பிரான்சில் நவ் ஷப்பெல் என்ற இடத்தில் 1927ல் திறந்த இந்திய நினைவுச் சின்னத்தில் 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஐரோப்பாவைத் தாண்டியதும் கதை மாறியது. மேலே சொன்ன பாஸ்ரா சின்னத்தில் பிரிட்டிஷ்காரர்களுக்கும் இந்திய அதிகாரிகளுக்கும் பெயர், இந்தியச் சிப்பாய்களுக்கு ரெஜிமென்ட்டின் பெயரும் எத்தனை பேர் செத்தார்கள் என்ற எண்ணிக்கையும். நைரோபி, மொம்பாசா, தார் எஸ் சலாம் நகரங்களில் ஆப்பிரிக்கப் படைவீரர்களுக்கும் சுமைதூக்கிகளுக்கும் வெண்கலச் சிலைகள் வைத்தார்கள். "நாட்டுக்காகப் போரிட்டு நீ செத்தாலும் உன் பிள்ளைகள் உன் பெயரை நினைத்திருப்பார்கள்" என்ற பொருளில் அதில் ஒரு வரி இருக்கிறது. அதன் கீழே ஒரு பெயர்கூட இல்லை!

காமன்வெல்த் ஆணையமே இதை ஆராயச் சொல்லி 2021 ஏப்ரலில் அறிக்கை வெளியிட்டு மன்னிப்பும் கேட்டது. 45,000 முதல் 54,000 வரையிலான ஆசிய, ஆப்பிரிக்க வீரர்கள் மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை, இன்னும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவே இல்லை அல்லது எந்த விதத்திலும் நினைவுகூரப்படவில்லை என்று அதில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தியக் கிராமங்கள் பலவற்றில் அந்தக் காலத்தில் பதித்த சின்னப் பலகைக் கற்கள் இருக்கின்றன. இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914-1919 பெரும் போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று இரண்டு எண்கள். பெயர் கிடையாது. ஒரு நூறு வருடம் கழித்து அந்தக் கல் முன்னால் நிற்கிற ஆள், அந்த எண்ணுக்குள் தன் கொள்ளுத்தாத்தா இருக்கிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பான்?

இன்னும் பக்கத்தில் வருகிறேன். சயாம் மரண ரயில்பாதை. 1942, 1943ல் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் நடுவே ஜப்பானிய ராணுவம் போட்ட 415 கிலோமீட்டர் பாதை. போர்க் கைதிகள் 60,000க்கும் மேல், அவர்களில் 12,000க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 2 லட்சம், அவர்களில் செத்தவர்கள் 90,000 வரை இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள், மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அதில் ஏராளம். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் கைதிகளின் கல்லறைத் தோட்டத்தில் வெட்டிவிட்ட புல்லுக்கு நடுவே ஆளுக்கு ஒரு பலகை, பெயர், வயது, படைப்பிரிவு. தமிழர்கள் மொத்தமாகக் குழியில். காரணம் கொடூரமான எளிமை: ராணுவத்தில் பெயர்ப் பட்டியல் இருந்தது, கூலிகளுக்கு யாரும் பட்டியல் வைத்திருக்கவில்லை, வைத்திருந்ததும் நிலைக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், சாகடித்த ஜப்பானிய ராணுவமே 1944ல் அங்கே ஒரு நினைவுத் தூண் எழுப்பி, பல மொழிகளோடு தமிழிலும் எழுதி வைத்தது. தமிழர்கள் தங்கள் ஆட்களுக்காக அங்கே ஒரு நடுகல் வைக்க 2023 ஆயிற்று.

நடுகல் என்றதும் நினைவுக்கு வருகிறது. அதுவும் போர் நினைவுச் சின்னம்தானே?

ஐயமே இல்லை. 2006ல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் இரண்டாயிரம் வருடத்துக்கும் மேல் பழையவை என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். அதில் ஒன்று, ஆநிரை கவர்ந்த பூசலில் செத்தவனுடைய கல், ஆள் பெயரும் ஊர்ப் பெயரும் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள், அரசன் இல்லை, தளபதி இல்லை, மாட்டுச் சண்டையில் செத்த ஒருவனுக்குப் பெயர் வெட்டியிருக்கிறார்கள். ஐரோப்பாவில் சாதாரணச் சிப்பாயின் பெயரைக் கல்லில் எழுதுவது பரவலான வழக்கமானது 19ஆம் நூற்றாண்டுக்குப் பிறகுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் இருக்கிற மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் கல். வில்லும் கையுமாகக் கருந்தேவக்கத்தி என்ற வீரன், பக்கத்தில் அவனுடைய நாய். நாயின் பெயர் கோவிவன், கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்வெட்டே சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டு நாய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது, இருபதாம் நூற்றாண்டு ரயில்பாதைக் கூலிக்குக் கிடைக்கவில்லை.

எதிரியின் பெயரையும் சேர்த்து எழுதிய நினைவுச் சின்னம் உண்டா?

உண்டு. ஜப்பானின் ஒக்கினாவாவில், 1945ல் அங்கே நடந்த சண்டையின் 50 வருட நினைவாக 1995 ஜூனில் திறந்தது. கடலைப் பார்த்து மடிப்பு மடிப்பாகக் கருங்கல் சுவர்கள், 2,40,000க்கும் மேல் பெயர்கள். ஒக்கினாவா மக்கள், ஜப்பானிய வீரர்கள், அமெரிக்க வீரர்கள், கொரியர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள், புதிதாகத் தெரியவருகிற பெயர்களை வருடா வருடம் சேர்க்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது, எல்லோருக்கும் பிடித்துவிட்டது என்று நினைக்காதீர்கள். வலுக்கட்டாயமாகக் கொண்டுபோகப்பட்ட கொரியர்களின் குடும்பங்கள் சில, எங்கள் ஆளின் பெயர் ஜப்பானிய ராணுவத்தாரின் பெயரோடு ஒரே இடத்தில் இருக்க வேண்டாம் என்று மறுத்துவிட்டன. மறுக்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு என்பதுதான் என் கட்சி.

இப்போதுதான் டி.என்.ஏ. சோதனை வந்துவிட்டதே, பெயர் தெரியாத வீரன் என்று இனி யாராவது இருப்பார்களா?

குறைந்துகொண்டே வருகிறார்கள். 1920 நவம்பர் 11 அன்று லண்டனிலும் பாரிசிலும் அடையாளம் தெரியாத ஒரு வீரனின் உடலை ராஜ மரியாதையோடு கொண்டுவந்தார்கள், மறு வருடம் அமெரிக்கா ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் அதையே செய்தது. யாருடைய மகன் என்று தெரியாததால், உடல் கிடைக்காத எல்லாத் தாய்மாரும் அவனைத் தன் மகன் என்று நினைத்துக்கொள்ள முடிந்தது. ஆர்லிங்டனில் வியட்நாம் போருக்கென்று 1984ல் ஓர் உடலைப் புதைத்தார்கள். 1998ல் தோண்டிச் சோதித்தபோது அது மைக்கேல் பிளாஸி என்ற விமானப்படை அதிகாரி என்று தெரிந்துவிட்டது. குடும்பம் தன் ஊருக்குக் கொண்டுபோய்ப் புதைத்தது. அந்த இடத்தில் வேறு உடலை வைக்கவில்லை, இன்றைக்கும் காலியாகவே வைத்திருக்கிறார்கள்.

போரிலிருந்து ஓடிப்போனவன் பெயரையும் எழுத வேண்டுமா?

முதல் உலகப் போரில் ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காக 306 பேரைப் பிரிட்டிஷ் ராணுவமே சுட்டுக் கொன்றது. ஊர்த் தூண்களில் பலருடைய பெயர் விடுபட்டது, குடும்பங்கள் வெட்கப்பட்டு வாய் திறக்கவில்லை. 2001ல் ஸ்டாஃபர்ட்ஷரில் அவர்களுக்கு ஒரு நினைவிடம் வந்தது: கண்ணைக் கட்டி நிறுத்திய ஓர் இளைஞன் சிலை, பின்னால் ஆளுக்கு ஒன்றாக 306 மரக் கம்பங்கள். 2006ல் பொது மன்னிப்பும் வந்தது. எழுத வேண்டும் என்பதுதான் என் பதில். அவர்களில் பலர் குண்டுச் சத்தத்தில் மனம் கலங்கிப் போனவர்கள், அன்றைக்கு அதை வியாதி என்றே ஏற்றுக்கொள்ளவில்லை.

நினைவுச் சின்னத்தை இடித்துவிட்டால் நினைவும் போய்விடுமா?

இடிப்பவர்கள் அப்படித்தான் நம்புகிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை 2021 ஜனவரி 8 இரவில் இடித்தார்கள். அதுவரை அதைப் பற்றிக் கேள்விப்படாத ஊர்களில்கூட மறுநாள் காலையில் அதுதான் பேச்சு. மாணவர்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள், மூன்றே நாளில் துணைவேந்தரே வந்து திரும்ப அடிக்கல் நாட்ட வேண்டியிருந்தது, அதே வருடம் புதிய தூபி எழும்பிவிட்டது.

கல்லை விட்டுவைத்து, ஆள் வருவதை நிறுத்துவது இன்னொரு வழி. பெல்ஜியத்தின் ஈப்பர் நகரத்தில் மெனின் வாசல் என்று ஒரு வளைவு, உடல் கிடைக்காத 54,000க்கும் மேற்பட்டோர் பெயரோடு 1927ல் திறந்தது. தினமும் இரவு 8 மணிக்கு அந்த ஊர்க்காரர்கள் போக்குவரத்தை நிறுத்திவிட்டு எக்காளம் ஊதுவார்கள். ஊதுகிறவர்கள் உள்ளூர்த் தீயணைப்புப் படையோடு தொடர்புள்ளவர்கள், ராணுவம் இல்லை. 1940ல் ஜெர்மன் படை வந்ததும் அது நின்றது. 1944 செப்டம்பர் 6 அன்று போலந்துப் படைகள் ஊரை மீட்டன, ஊரின் மறுபக்கத்தில் இன்னும் சண்டை ஓயாமல் இருந்தபோதே அன்று மாலை திரும்ப ஊதிவிட்டார்கள்.

எங்கள் ஊரில் இருக்கும் பழைய கல்லில் எழுத்து மங்கிவிட்டது. இளைஞர் மன்றத்தில் பெயின்ட் அடித்துப் புதுப்பிக்கலாம் என்கிறார்கள். அதோடு, என் தாத்தாவின் அண்ணன் பெயர் அதில் தப்பாக இருக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். என்ன செய்யலாம்?

தம்பிகளிடம் முதலில் பெயின்ட் டப்பாவைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். கல் மூச்சு விட முடியாமல் உள்ளே ஈரம் தங்கி மேல்புறம் உதிர ஆரம்பிக்கும், அப்போது எழுத்தும் சேர்ந்து போகும். கம்பி பிரஷ், ஆசிட், மணல் வீசித் தேய்க்கிற மெஷின் எதுவும் வேண்டாம், சுத்தமான தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். அதற்கும் முன்னால், அந்தக் கல் யார் பொறுப்பில் இருக்கிறது என்று கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். மங்கிய எழுத்தை மதிய வெயிலில் படிக்க முயற்சி செய்யாதீர்கள். விடிந்ததும் அல்லது சாயங்காலம், வெயில் பக்கவாட்டில் விழும்போது போட்டோ எடுங்கள், பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து தானாகத் தெரியும். இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லோரமாகச் சாய்த்துப் பிடித்தாலும் அதே பலன். படித்ததை ஒரு நோட்டில் அப்படியே எழுதுங்கள், தப்பாகத் தெரிந்தாலும் திருத்தாமல் எழுதி, உங்கள் சந்தேகத்தைப் பக்கத்தில் தனியாகக் குறியுங்கள்.

தாத்தாவின் அண்ணன் விஷயத்துக்கு வருவோம். இப்படிப்பட்ட தப்புகள் எங்கேயும் உண்டு, வாஷிங்டன் சுவரிலேயே உயிரோடு இருந்தவர்கள் சிலரின் பெயரை எழுத்தர் தவற்றால் செதுக்கிவிட்டார்கள். மெனின் வாசலிலும் யாருடைய உடலாவது இப்போது அடையாளம் தெரிந்தால், அவருக்குத் தனிக் கல்லறை கிடைத்துவிடுவதால் சுவரிலிருந்து பெயரை எடுத்துவிடுகிறார்கள், ஆக கல்வெட்டு என்றால் மாற்றவே கூடாது என்றில்லை. அவர் இரண்டு உலகப் போர்களில் ஒன்றில் செத்தவர் என்றால் காமன்வெல்த் ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டு இலவசமாகத் தேடலாம். ஆங்கிலேயர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள், அதனால் முத்துசாமியை நாலு விதமாக எழுதித் தேடுங்கள், அப்பா பெயரையும் போட்டுப் பாருங்கள். பதிவு கிடைத்தால் அதில் படைப்பிரிவும் அவருடைய எண்ணும் இருக்கும். கிடைக்கவில்லை என்றாலோ தப்பாக இருந்தாலோ, வீட்டில் இருக்கும் பழைய பென்ஷன் காகிதம், பதக்கத்தின் ஓரத்தில் பொறித்த எழுத்து, அரசாங்கம் அனுப்பிய கடிதம் எதுவானாலும் நகலெடுத்து அவர்களுக்கு எழுதுங்கள், ஆதாரம் இருந்தால் பார்ப்பார்கள். பதக்கத்தைப் பாலிஷ் போடாமல் தேடுங்கள், ஓரத்தில் உள்ள எண் தேய்ந்துபோனால் அதே பெயரில் இருக்கும் இன்னும் பத்துப் பேரிலிருந்து அவரைப் பிரித்துக் காட்ட உங்களிடம் வேறொன்றும் இருக்காது.